யாருக்கும் தோணல

தொழிற்சாலையில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். வாஷிங் மெஷினுக்கு மோட்டார் செய்யும் தொழிற்சாலை அது. அவளும் அவள் கணவரின் தங்கையும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாத்தனார் பெஞ்சுக்கு அந்தப் பக்கமிருந்து "அண்ணி, கத்தரி குடுங்க" என்று கேட்கக் கேட்க, பக்கத்தில் இருந்த பெண்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு மேனேஜர், லாரி ஓட்டுபவர்கள், அவளைவிட மூத்தவரான வாசல் காவலாளி என்று யாரும் பாக்கியில்லை. சில வருடங்களில் அவள் அந்தப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஆனாள். நாத்தனார் பெஞ்சிலேயே இருந்தாள். அதில் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. "அண்ணிக்கு வாய், எனக்குக் கை" என்று நாத்தனாரே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கை அப்படிப்பட்டதுதான். சுற்றிய செம்புக் கம்பியை இரும்பு வளையத்தின் பள்ளங்களுக்குள் விரலால் அழுத்தி இறக்கி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். கம்பியின் மேல்பூச்சு நகம் பட்டாலே உரியும். உரிந்தது கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் சோதனையில் தேறி, கடைக்குப் போய், யார் வீட்டிலோ நாலு மாதம் ஓடிய பிறகு கருகும். இதைப் பழக ஒரு வருடம் பிடிக்கும். அந்தப் பிரிவில் இருந்த இருபது சொச்சம் பெண்களும் பழகியவர்கள்.

நாட்டில் பொருளாதார மந்தம் வந்தபோது அது முதலில் வங்கிகளுக்குத்தான் வந்தது. கொடுத்த கடன்கள் திரும்பவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். அது யாருக்கோ வந்த நோய் என்று தொழிற்சாலையில் நினைத்தார்கள். பிறகு வீடுகள் விற்காமல் நின்றன. புது வீட்டுக்குப் போகிறவர்கள்தானே புது மெஷின் வாங்குவார்கள். கட்டி முடித்த மோட்டார்கள் கிடங்கில் கூரை வரை அடுக்கப்பட்டன. காவலாளி தன் நாற்காலியை வெளியே போட்டுக்கொண்டார், உள்ளே இடமில்லை.

பாதி ஆட்களை அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய வாரம், ஒரு மாலை நாத்தனார் அண்ணியின் வீட்டுச் சமையலறைக்கு வந்தாள். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நாத்தனார் ஒரு துணியை எடுத்து, கழுவியதைத் துடைத்து அடுக்கினாள்.

"அண்ணி, நாங்க எல்லாரும் பேசிட்டோம். யாரையும் அனுப்ப வேண்டாம். வாரத்துக்கு மூணு நாள், இல்ல நாலு நாள், எல்லாரும் வர்றோம். சம்பளமும் அதுக்கேத்த மாதிரி குறைச்சுக்கட்டும். நீங்க மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

"எல்லாரும் ஒத்துக்கிட்டாங்களா?"

"சண்டை போட்டுத்தான் ஒத்துக்கிட்டாங்க. சின்னக் குழந்தை வச்சிருக்கிறவ ஒருத்தி அழுதா. ஆனா ஒத்துக்கிட்டா. பாதிப் பேரு பட்டினி கிடக்கிறதுக்கு எல்லாரும் அரை வயிறு சாப்பிடலாம்ல."

"சொல்றேன்" என்றாள் அண்ணி.

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் மறுநாள் மேனேஜரின் அறைக்குள் போனபோது, பக்கத்துப் பிரிவு மேற்பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்துகொண்டிருந்தார். அவரையே அனுப்பிவிட்டார்கள். அவர் தன் ஆட்களுக்காகப் பரிந்து பேசினாராம்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பல நாள் தூங்காத முகம். "யார் யார் இருக்கணும்னு நீயே சொல்லு அண்ணி. எனக்கு இவங்க முகம்தான் தெரியும், உனக்கு வேலை தெரியும்" என்றார். பிறகு தயங்கி, "உன் வீட்டுப் பொண்ணு இருக்கா. அவளை வச்சுக்கிட்டு மத்தவங்களை அனுப்பினா ஊர் சும்மா இருக்காது" என்றார்.

"அவளை முதல்லயே எடுத்துடுங்க சார்" என்றாள் அண்ணி.

கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். நேர்மையானவள் என்ற பெயர் கிடைத்தால் தன் வேலையும் நிற்கும் என்று உள்ளே ஏதோ ஒன்று கணக்குப் போட்டதை அவள் அப்போதே உணர்ந்தாள். நாலு நாள் வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் நாத்தனார் கண்ணால் கேட்டாள். அண்ணி இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். கேட்டேன், நடக்கவில்லை என்று அதை எடுத்துக்கொள்ளலாம். நாத்தனார் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே சமையலறைப் பேச்சு பற்றிக் கணவர் கேட்டார். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். குறைவாகப் பேசுபவர். "சொன்னியா?" என்றார். அவரிடம் பொய் சொல்ல வரவில்லை. "சொல்லல" என்றாள். அவர் அவளைத் திட்டவில்லை. தங்கையிடம் போய்ச் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு தங்கை வீட்டுக்கு அவர் மட்டும் தனியாகப் போய்வர ஆரம்பித்தார்.

அந்த வாரமே பாதிப் பேரோடு வெளியே வந்த நாத்தனார் வேலை தேடினாள். தேடியவர்கள் ஊரில் நிறைய. தொழிற்சாலைச் சம்பளத்தை நம்பியிருந்த கடைகள் ஒவ்வொன்றாக மூடியதால், கடைகளில் வேலை பார்த்தவர்களும் தெருவுக்கு வந்தார்கள். அவள் கணவருக்கும் ஏற்கெனவே வேலை போயிருந்தது. கட்டியும் கட்டாமலும் நின்ற வீட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு சலவைக்கடையின் பின்னறைக்குக் குடிபோனார்கள். அந்தக் கடையிலேயே நாத்தனார் துணி தேய்த்தாள். மகள் படிப்பை நிறுத்திவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து வியாபாரம் திரும்பியது. மோட்டார் வேண்டும் என்று வாங்குபவர்கள் நச்சரித்தார்கள். பழைய ஆட்களைக் கூப்பிடலாமா என்று அண்ணி கேட்டாள். "ரெண்டு வருஷம் கை விட்டவங்க. புதுசா, சின்ன வயசா எடுத்துக்கலாம்" என்று தலைமை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். அண்ணி ஒரு தடவை கேட்டாள். இரண்டாம் தடவை கேட்கவில்லை. நாத்தனார் திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தால், தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற எண்ணமும் அதில் இருந்தது.

புதியவர்கள் கட்டிய மோட்டார்கள் குவியல் குவியலாகக் கருகித் திரும்பி வந்தன. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வேறு நாட்டிலிருந்து மோட்டார் வாங்கப் போய்விட்டார். ஆட்களை அனுப்பியதில் மிச்சம் பிடித்ததைவிட அந்த ஒரு வாடிக்கையாளரால் போனது அதிகம் என்று மேனேஜரே பின்னால் புலம்பினார்.

வருடங்கள் ஓடின. அண்ணி உற்பத்திப் பிரிவு முழுவதற்கும் தலைவியானாள். மேனேஜர் ஓய்வுபெறும் வயதை நெருங்கினார். அப்போது வங்கிகளைப் பற்றிய செய்திகள் மறுபடி வர ஆரம்பித்தன. அரசாங்கம் இந்த முறை முன்கூட்டியே விழித்துக்கொண்டது. போன மந்தங்களிலிருந்து நாடு என்ன கற்றுக்கொள்ளலாம் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்க ஒரு குழு போட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள் ஒருவர் தலைவி. கூட ஒரு பொருளாதாரப் பேராசிரியர், ஒரு முன்னாள் வங்கி அதிகாரி.

"நம்ம சார்பில் நீ பேசு அண்ணி. எனக்கு மைக்கைக் கண்டா இருமல் வரும்" என்றார் மேனேஜர்.

வீட்டில் அவள் தன் பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணவர் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"அவளைப் பத்தி வருமா?"

"பேரு சொல்ல மாட்டேங்க. ஒரு பெண்ணுன்னு மட்டும்."

அவர் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

நகர மன்றக் கூடத்தில் கூட்டம் நடந்தது. முதலில் பேசிய முடிதிருத்துபவர் சபையைச் சிரிக்க வைத்தார். "நாட்டுப் பொருளாதாரம் எப்படி இருக்குன்னு எனக்குச் செய்தி பாக்க வேண்டியதில்லம்மா. தெருவுல போறவங்க பிடரியைப் பாத்தாப் போதும். மாசத்துக்கு ஒரு தடவை வந்தவரு மூணு மாசம் வரலன்னா ஏதோ சரியில்லன்னு அர்த்தம். போன தடவை இந்த ஊரே சாமியார் மடம் மாதிரி ஆயிடுச்சு." பேராசிரியர்கூடச் சிரித்துவிட்டு, தன் பிடரியைத் தடவிக்கொண்டார்.

அடுத்து அண்ணி. அவள் நன்றாகவே பேசினாள். வங்கிகளுக்கு ஒரே வாரத்தில் உதவி கிடைத்தது, வேலை போனவர்கள் மாதக்கணக்கில் வரிசையில் நின்றார்கள் என்றாள். "ஒரு குடும்பம் சிக்கனமா இருந்தா அது புத்திசாலித்தனம். ஊரே ஒரே நேரத்துல சிக்கனமா இருந்தா கடைக்காரரு எங்கம்மா போவாரு" என்றாள். நல்ல கைகளை அனுப்பிவிட்டு, பிறகு அதே கைகளுக்காக ஏங்கிய கதையைச் சொன்னாள். வீட்டை இழந்து துணி தேய்க்கப் போன ஒரு பெண்ணைப் பற்றியும் சொன்னாள். கடைசியில், ஆட்களைக் குறைப்பதற்குப் பதிலாக நாட்களைக் குறைக்கலாம், குறைகிற சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் தாங்கலாம், அப்படிச் செய்தால் வியாபாரம் திரும்பும்போது கைகள் பெஞ்சிலேயே இருக்கும் என்றாள்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு எளிமையா இருக்கே. அப்போ இதை யாரும் சொல்லலையா?"

அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் பின்வரிசையைப் பார்த்தாள். பழைய பெஞ்சுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாத்தனார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. முன்வரிசையில் மேனேஜர். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, யாரிடம் சொன்னார்கள் என்பது. அதற்கடுத்தது, அவர் என்ன செய்தார் என்பது.

"இல்லம்மா" என்றாள். "அப்போ யாருக்கும் தோணல."

பின்வரிசையில் ஒருத்தி எழப் பார்த்தாள். நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்ததை அண்ணி மேடையிலிருந்தே பார்த்தாள். கைதட்டல் எழுந்தது. கூட்டம் கலைந்தபோது வாசலில் நாத்தனார் எதிரே வந்தாள். "நல்லாப் பேசினீங்க அண்ணி" என்றாள். குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. அவள் கையைப் பிடிக்க அண்ணி நகர்ந்தாள். அதற்குள் அவள் கூட்டத்தோடு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. ஆளை அனுப்பியது பயத்தில் நடந்தது என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பழகியிருந்தாள். இந்தப் பொய்க்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை. யாரும் அவளை வேலையிலிருந்து எடுக்கப்போவதில்லை. கத்தியும் கழுத்தில் இல்லை. இருந்தும் சொன்னாள். ஒருத்தியின் வேலையை எடுத்தாள், அவள் கஷ்டத்தை எடுத்து மேடையில் வைத்தாள், அவள் யோசனையையும் எடுத்துத் தன் வாயால் சொன்னாள். எடுக்க இனி என்ன பாக்கி இருக்கிறது.

குழு தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. நாட்களைப் பகிரும் திட்டம் அதில் முதலிடத்தில் இருந்தது. மந்தம் ஊருக்குள் வருவதற்கு முன்பே அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலை நாலு நாள் வாரத்துக்கு மாறியது. ஒருவரையும் அனுப்பவில்லை. பெஞ்சிலிருந்த இளம்பெண்கள் வந்து, "அண்ணி, உங்களாலதான்" என்றார்கள். செய்தித்தாளில் படம் போட்டார்கள். காவலாளி அதை வெட்டித் தன் அறைச் சுவரில் ஒட்டினார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அண்ணி குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே போனாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு உடம்பே குறுகிப்போனது.

தலைநகரத்தில் குழுவின் கடைசி அமர்வுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது, அவள் சலவைக்கடைக்குப் போனாள்.

நாத்தனார் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆவியில் முகம் வியர்த்திருந்தது. "வாங்க அண்ணி" என்று ஸ்டூலைத் தள்ளினாள். அண்ணி உட்காரவில்லை.

"அன்னைக்கு நீ வந்து சொன்னதை நான் மேனேஜர்கிட்ட சொல்லவே இல்லம்மா."

"தெரியும்."

"உங்கண்ணன் சொன்னாரா?"

"அண்ணன் ஒண்ணும் சொல்லல. தனியா வந்தாருல்ல, அதுல தெரிஞ்சுது."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டையைத் திருப்பினாள்.

"அதுக்கு நான் எப்பவோ சமாதானம் ஆயிட்டேன் அண்ணி. பயந்துட்டீங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் பயந்திருப்பேனோ என்னவோ. என் கதையைச் சொன்னீங்க, அதுகூடப் பரவாயில்ல. நாலு பேருக்கு உதவுச்சு. ஆனா யாருக்கும் தோணலன்னு சொன்னீங்க பாருங்க."

நாத்தனார் காலரை ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள்.

"இருபது பொம்பளைங்க சாப்பாட்டு நேரமெல்லாம் உக்காந்து பேசினோம். அழுது, கத்தி, கடைசியில ஒத்துக்கிட்டு வந்தோம். இப்போ நாட்டுக்கே எழுதி வச்சுட்டாங்க, அந்தக் காலத்துல யாருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு. நாங்க என்னமோ ஒதுங்கத் தெரியாம மழையில நனைஞ்ச மாதிரி. என் பொண்ணு அதைப் படிச்சுட்டு, 'ஏம்மா, நீங்க யாரும் வாயே திறக்கலையா'ன்னு கேக்குறா."

"நான் போய்ச் சொல்லிடறேன்."

"சொன்னாச் சொல்லுங்க. சொல்லாட்டி விடுங்க. எனக்காகச் சொல்றேன்னு மட்டும் சொல்லிக்காதீங்க." அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். "அண்ணனுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?"

தலைநகரத்து அறையில் கம்பளம் மெத்தென்று இருந்தது, குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள். நீதிபதி அம்மாள் அவளைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொன்னார். அண்ணி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். எழுதிக்கொண்டு போனது எதுவும் இல்லை.

"ஒரு திருத்தம் இருக்கும்மா. யாருக்கும் தோணலன்னு சொன்னேன். அது பொய். தோணுச்சு. பெஞ்சுல வேலை பாத்தவங்களுக்கே தோணுச்சு. எங்கிட்ட வந்து சொன்னாங்க. நான் மேல சொல்லல. சொன்னவங்கள்ல ஒருத்தரை நானே முதல்ல அனுப்பினேன். அவங்க என் நாத்தனார்."

பேராசிரியர் எழுதுவதை நிறுத்தினார். நீதிபதி அம்மாள் முன்னால் இருந்த அறிக்கையை மூடினார். "அப்போ நாங்க கத்துக்க வேண்டியது வேறயா இருக்கே" என்றார். அவர் முகத்தில் பழைய மலர்ச்சி போய்விட்டிருந்தது. கோபமும் இல்லை. "மருந்து தெரியாம இல்ல. தெரிஞ்சவங்க குரல் வந்து சேர வழி இல்ல."

முடிவான அறிக்கையில் ஒரு பக்கம் மாறியது. ஆட்குறைப்புக்கு முன்பு, வேலை செய்பவர்கள் சொல்வதை இடையில் யாரும் இல்லாமல் நேரடியாகக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி சேர்ந்தது. அண்ணி சொன்னதும் அச்சில் வந்தது. ஊரில் படித்தார்கள். பழைய பெஞ்சுப் பெண்களில் இரண்டு பேர் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். இளம்பெண்கள் பழையபடியே பேசினார்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்தால் குரல் தணிந்தது. சுவரில் இருந்த படத்தைக் காவலாளி எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மேனேஜர் ஓய்வுபெற்ற அன்று அவளை அறைக்குக் கூப்பிட்டார். அலமாரி காலியாக இருந்தது.

"உன் மனசுல கிடக்குன்னு தெரியும். ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு நீ வந்து கேட்டிருந்தாலும் நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். மேல இருந்து அவ்வளவு நெருக்கடி. அதனால விடு."

"நிஜமாவா சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "அப்படித்தான் நினைக்கிறேன்" என்றார்.

அது உண்மையா, ஆறுதலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே தெரியாது என்றுதான் தோன்றியது. கேட்டிருந்தால்தான் தெரிந்திருக்கும்.

இப்போது வாரத்தின் ஐந்தாவது நாள் தொழிற்சாலைக்கு விடுமுறை. பெஞ்சுப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டுத் துணி துவைக்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், தூங்குகிறார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு. சமாளிக்கிறார்கள். அண்ணிக்கு அந்த நாள்தான் பெரும்பாடு. கணவர் பணிமனைக்குக் கிளம்பிய பிறகு வீடு ஓசையில்லாமல் கிடக்கும். அவள் சமையலறையைத் துடைப்பாள், துடைத்ததையே மறுபடி துடைப்பாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். அத்தனை குடும்பங்களும் தப்பிக்க அன்று தேவைப்பட்டது இப்படி ஒன்றிரண்டு நாட்கள்தான். வாரத்தில் இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒன்றிரண்டு நாட்கள்.